மண்ணுக்கடியில் மறைந்த ஆறு



இன்றைய பேச்சை ஒரு கிணற்றிலிருந்து தொடங்குகிறேன். ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் சிறுவனாக இருந்தபோது, லயத்துக்குக் கிணறு வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்தார்கள். லயத்துக்கு அருகிலேயே, மேட்டில், வசதியான இடம் பார்த்து வெட்டினார்கள். இருபது அடி போயும் வந்தது வெறும் களிமண். அடியில் கண்ணீர்போலக் கசிந்த தண்ணீர், ஒரு குடும்பத்துக்கே போதவில்லை. சேர்த்த காசு கரைந்துவிட்டது. அன்றைக்குப் பெண்கள் முகத்தில் கண்ட ஏமாற்றம் இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அப்போது வயதான தாத்தா ஒருவர், “நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த காலத்தில் ஆறு அந்தப் பள்ளத்து வழியாக ஓடியது. பிறகுதான் கால்வாய் வெட்டி அதைத் திருப்பினார்கள். பழைய ஆறு ஓடின இடத்தில் வெட்டுங்கடா” என்றார். இரண்டாம் முறை காசு சேர்க்கப் பலருக்கு மனமில்லை. எப்படியோ சேர்த்து அங்கே வெட்டினார்கள். ஆள் உயரத்துக்கும் கீழே போகுமுன்னே மணல் வந்தது. மணலோடு தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. இரண்டு கிணறுகளுக்கும் இடையே நாற்பது அடிகூட இல்லை.

பூமிக்கு மேலே பார்த்தால் இரண்டு இடமும் ஒன்றுதான். கீழேதான் வேற்றுமை. ஒன்று மறைந்துபோன ஆற்றின் மணல். மற்றொன்று ஆற்றங்கரைச் சேறு. நேயர்களே, தண்ணீருக்குப் பொருந்தும் இந்த உண்மை எண்ணெய்க்கும் அப்படியே பொருந்தும். அதிலும் கனத்த, குழைந்த, எளிதில் நகராத எண்ணெய்க்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

கன எண்ணெய் என்றதும் கனடா, வெனிசுவேலா என்று தூரதேசங்களின் பெயரைச் சொல்வார்கள். நாம் அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. மலாக்காத் துறையில் நின்று நீரிணைக்கு அப்பால் பாருங்கள். எதிர்க்கரையில் சுமத்ராவின் ரியாவ் மாநிலத்தில் டுமாய்த் துறைமுகம் இருக்கிறது. மலாக்காவிலிருந்து பயணிகள் படகு போய்வரும் ஊர்தான். அந்த டுமாயிலிருந்து உள்நாட்டுப் பக்கம் சென்றால் டூரி என்ற எண்ணெய் வயல் வரும். 1941-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. போர் குறுக்கிட்டதால் 1958-இல்தான் முறையாக எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். உலகில் நீராவியைக் கொண்டு கன எண்ணெய் எடுக்கும் மிகப் பெரிய வயல்களுள் அது ஒன்று.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிடுவோம். பூமிக்கடியில் எண்ணெய் ஏரிபோலத் தேங்கிக் கிடக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு குவளை நிறைய ஆற்றுமணலை எடுத்துக்கொள்ளுங்கள். குவளை நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் அதில் கால் குவளைக்கு மேல் தண்ணீர் ஊற்றலாம். மணல் உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் தண்ணீர் புகுந்துகொள்ளும். எண்ணெயும் அப்படித்தான் மணற்கல்லின் நுண்துளைகளில் தங்கியிருக்கிறது.

துளை இருந்தால் மட்டும் போதாது. ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் வழி இருக்க வேண்டும். ஒரே அளவான உருண்டைகள் அடுக்கிய மணலில் வழி தாராளமாக இருக்கும். மணலோடு சேறும் தூளும் கலந்துவிட்டால் வழி அடைத்துக்கொள்ளும். களிமண்ணில் ஈரம் நிறைய இருந்தும் கிணற்றில் நீர் ஊறாததற்கு இதுவே காரணம். ஆகவே, மணலைக் கொண்டுவந்து போட்டது ஆறா, அலையா, கடல் ஏற்றமா என்ற கேள்வி எண்ணெய்த் தொழிலுக்கு உயிர்நாடியான கேள்வியாகிறது.

டூரியின் கதை இரண்டு கட்டங்களாக நடந்தது. முதற்கட்டத்தில், ஏறத்தாழ மூன்று, நான்கு கோடி ஆண்டுகளுக்கு முன்பு, நடுச் சுமத்ராவில் நிலம் விரிசல் கண்டு ஆழமான பள்ளங்கள் உண்டாயின. அவற்றில் நீர் தேங்கி ஏரிகள் ஆயின. ஏரிகளில் வளர்ந்த பாசி மடிந்து அடியில் சேற்றோடு படிந்தது. காலப்போக்கில் அந்தச் சேறு கரும்பழுப்புக் களிப்பாறையாக இறுகியது. அதன்மேல் மண் மேலும் மேலும் குவிந்து அதைக் கீழே அழுத்த, பூமியின் சூட்டில் பாசியின் கொழுப்பு எண்ணெயாக மாறியது. அதுதான் எண்ணெய் வெந்த அடுப்பங்கரை.

இரண்டாம் கட்டம் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ஏரிகள் தூர்ந்தபின் கடல் மெல்ல உள்ளே வந்தது. அப்போது வடகிழக்கில் உயர்ந்த நிலமாக இருந்தது எது தெரியுமா? நம் மலாயாப் பக்கத்துத் தரைதான். அந்த நிலத்தை மழை கரைத்தது. அதன் மணலை ஆறுகள் தென்மேற்கே கொண்டுபோய்ச் சுமத்ராவின் ஆழமில்லாத கடலிலும் கழிமுகங்களிலும் கொட்டின. இன்று டூரியின் எண்ணெய் எந்த மணலில் ஒளிந்திருக்கிறதோ, அந்த மணல் ஒருகாலத்தில் நம் பக்கத்திலிருந்து போன மணல். நீரிணை இரு நாடுகளைப் பிரிக்கிறது என்கிறோம். அந்த நீரிணையே இன்றைய உருவில் இல்லாத காலத்துக் கதை இது.

அந்தப் பழங்காலக் கழிமுகம் எப்படி இருந்திருக்கும்? அதைக் காண டூரிக்குப் போகவேண்டாம். கோலா லிங்கிக்குப் போனாலே போதும். லிங்கி ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கடல் வற்றிய வேளையில் கவனித்துப் பாருங்கள். முதலைகள் உலவும் இடம், ஆகவே எட்ட நின்றே பாருங்கள்! ஆற்றின் நடுப்போக்கில் நீர் வேகமாக ஓடும் இடத்தில் பருமணல் கிடக்கும். ஆறு வளையும் இடத்தில், வெளிக்கரை அரிபடும். உட்கரையில் மணல்திட்டு வளரும். திட்டின் அடியில் பருமணல், மேலே போகப்போக நைஸ்மணல், உச்சியில் சேறு. இரு கரையிலும் பக்காவ் மரங்கள் வேரூன்றிய கருஞ்சேறு. கடலுக்கு அருகே வந்தால், ஏற்றமும் வற்றமும் இழுத்து நீட்டிய மணல்மேடுகள்.

இங்கே கடலின் கைவேலையையும் கவனிக்க வேண்டும். நீரோட்டம் வேகமாக இருக்கும்போது மணல் நகர்ந்து படியும். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் அந்தச் சிறிய இடைவேளையில் நீர் அசையாமல் நிற்கும். அப்போது கலங்கல் தெளிந்து ஒரு மெல்லிய சேற்றுப்படலம் மணல்மேல் படியும். மறுபடியும் மணல், மறுபடியும் சேறு. நாளுக்கு நாள் இப்படியே நடந்தால், லாப்பீஸ் பலகாரத்தைப்போல அடுக்கடுக்காக அமைந்துவிடும். கோடி ஆண்டுகள் கழித்துப் பாறையை வெட்டிப் பார்க்கிறவர், அந்த அடுக்குகளைக் கண்டதும், “இது கடல் ஏற்றம் பாய்ந்த கழிமுகம்” என்று சொல்லிவிடுவார்.

கடல்மட்டமும் என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனிக்காலத்தில், கடல் இன்றைய மட்டத்தைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. மலாக்கா நீரிணையின் பெரும்பகுதி அப்போது தரை. இடையில் ஓடிய ஆறுகளைக் கடக்க வழியிருந்தால் இங்கிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகி, கடல் ஏறி, அந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளை மூழ்கடித்தது. ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்தையும் தாண்டிச் சில மீட்டர் உயர்ந்து நின்று, பிறகு இறங்கியது. நீரிணையின் அடியிலிருந்து எடுத்த பழைய சதுப்பு மண்ணை ஆராய்ந்து இதைக் கண்டறிந்திருக்கிறார்கள். ஆற்றுமணலின்மேல் கழிமுகச் சேறு, அதன்மேல் கடல்மணல் என்று அடுக்கு மாறி வருவதற்கு இப்படிக் கடல் ஏறி இறங்குவதே காரணம். போர்த்துக்கீசியர் கோட்டை கட்டிய காலத்தில் அதன் அருகே அலையடித்தது. இன்று கோட்டை வாசலில் நின்றால் கடல் எங்கோ போய்விட்டது. அதில் மனிதர் மண் கொட்டி நிரப்பியதும் உண்டு. ஆனாலும் கரை ஓரிடத்தில் நிற்பதில்லை என்பதை மலாக்காக்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, எண்ணெய் ஏன் கனத்தது என்று பார்ப்போம். டூரிக்குத் தெற்கே மினாஸ் என்ற வயல் இருக்கிறது. இரண்டுக்கும் எண்ணெய் வந்த மூலம் ஒன்று, அந்தப் பழைய ஏரிச்சேறு. ஆனால் மினாஸ் எண்ணெய் மெழுகு கலந்ததாயினும் இலேசானது. டூரி எண்ணெய் கனமானது. ஒரே தாய் பெற்ற பிள்ளைகள், வளர்ந்த இடம் வேறு. மினாஸ் மணல் ஆழத்தில் இருக்கிறது. அங்கே சூடு 80 பாகை செல்சியசுக்கு மேல். டூரி மணலோ சில நூறு அடி ஆழத்திலேயே இருக்கிறது. அங்கே சூடு ஏறத்தாழ 38 பாகை, நம் உடம்புச் சூட்டைவிடச் சற்றே அதிகம்.

அந்த மிதமான சூட்டில் நுண்ணுயிர்கள் சுகமாக வாழும். மழைநீர் மணல்வழியே இறங்கி எண்ணெயைத் தொடும் இடத்தில் அவை பெருகுகின்றன. எண்ணெயில் இலேசான, ருசியான பகுதியைத் தின்றுவிட்டு, தின்ன முடியாத தார்போன்ற பகுதியை மிச்சம் வைக்கின்றன. ஆயிரம், பதினாயிரம் அல்ல, பல லட்சம் ஆண்டுகள் நடந்த விருந்து அது. மிஞ்சியது கன எண்ணெய். ஏறத்தாழ 80 பாகைக்கு மேல் அந்த உயிர்களால் பிழைக்க முடியாது. ஆகவே மினாஸ் தப்பியது.

இதில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். எந்த நல்ல மணல் எண்ணெய்க்கு வழிவிட்டதோ, அதே மணல்தான் தண்ணீருக்கும் நுண்ணுயிருக்கும் வழிவிட்டது. வாசல் நன்றாகத் திறந்திருந்தால் விருந்தாளியும் வருவான், திருடனும் வருவான்.

இப்போது அந்தக் கனத்த எண்ணெயை எப்படி வெளியே எடுப்பது? பால்மரத் தீம்பாரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வெட்டியவுடன் மங்கில் வடியும் பால் வேறு, மங்கிலேயே உறைந்த ஒட்டுப்பால் வேறு. உறைந்ததை வாளியில் ஊற்ற முடியுமா? செம்பனை ஆலையில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். குலையை முதலில் நீராவியில் வேகவைத்த பிறகுதான் பிழிவார்கள். டூரியிலும் அதே உபாயம்தான். சும்மா இறைத்துப் பார்த்தபோது, மணலில் உள்ள எண்ணெயில் நூற்றுக்குப் பத்துப் பங்கு கிடைப்பதே அரிதாக இருந்தது. பிறகு சிறு அளவில் நீராவியைச் செலுத்திச் சோதித்தார்கள். 1985-ஆம் ஆண்டு முதல் பெரிய அளவில் செலுத்தினார்கள். சூடு ஏறியதும் எண்ணெய் இளகி ஓடியது. 1990-களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பீப்பாய் வரை கிடைத்தது. நீராவி நன்றாகப் பரவிய இடங்களில், இருப்பில் பாதியும் அதற்கு மேலும் எடுக்க வழி பிறந்தது.

கிணறுகளை அமைக்கும் முறையும் நமக்குப் பழக்கமானதுதான். செம்பனைக் கன்றை முக்கோணமாக நடுகிறோம் அல்லவா? எந்த மரத்தை எடுத்துக்கொண்டாலும் சுற்றிலும் ஆறு மரம் இருக்கும். அதேபோல, நடுவில் ஒரு கிணற்றில் நீராவியை இறக்கி, சுற்றிலும் உள்ள கிணறுகளில் எண்ணெயை இறைப்பார்கள். மேலே வரிசை அழகாக இருக்கிறது. கீழே உள்ள பழைய ஆறு அந்த வரிசைக்குக் கட்டுப்படுமா? அங்கேதான் சிக்கல்.

டூரியின் மணலடுக்குகளுக்கு ரிண்டு, பெர்தாமா, கெடுவா என்றெல்லாம் மலாய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள். ரிண்டு என்றால் ஏக்கம். முதலாவது, இரண்டாவது என்பவை மற்ற இரண்டு. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு குணம். ஆறு போட்ட மணலில் பருமணல் அடியில் இருக்கும் என்றேன். அங்கே நீராவி முதலில் அடியில் பரவி, மெல்ல மேலேறி, வழியில் உள்ள எண்ணெயை எல்லாம் இளக்கும். கடல்முகத்தில் வளர்ந்த மணல்மேட்டில் நிலைமை நேர்மாறு. அடியில் சேறும் நைஸ்மணலும், உச்சியில் பருமணல். நீராவிக்கு இயல்பாகவே மேலேறும் குணம். உச்சியிலும் அகலமான வழி கிடைத்தால் கேட்கவா வேண்டும்? கூரையை ஒட்டியே விரைந்து ஓடி, அடுத்த கிணற்றில் போய் வெளிப்பட்டுவிடும். செலவழித்த நீராவி வீண். அடியில் இருந்த எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சேற்றுப்படலங்களின் கதை வேறு. குறுகிய படலமாக இருந்தால் நீராவி சுற்றிக்கொண்டு போய்விடும். பெரிய பக்காவ் சதுப்பு நிலம் இறுகிய பாறையாக இருந்தால், அது பல கிணறுகளைத் தாண்டிப் பரந்து, நீராவியை மறித்துவிடும். மறிப்பது எப்போதும் கெடுதல் என்றும் சொல்ல முடியாது. ஓர் அடுக்கில் செலுத்திய நீராவி அடுத்த அடுக்குக்கு ஓடிவிடாமல் காக்கும் மூடியும் அதுதான். ஆகவே, சேறு எங்கே இருக்கிறது, எவ்வளவு தூரம் நீள்கிறது என்பதை அறிய வேண்டும். அதற்கு, அது ஆற்றங்கரைச் சேறா, சதுப்புச் சேறா, கடலடிச் சேறா என்று அறிய வேண்டும். ஆற்றங்கரைச் சேறு சிறு துண்டாக இருக்கும். கடலடிச் சேறு பாய்விரித்ததுபோலப் பரந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாததை எப்படி அறிகிறார்கள்? கிணறு தோண்டும்போது பாறையை உருளையாக வெட்டியெடுத்து அடுக்குகளைப் படிக்கிறார்கள். கிணற்றுக்குள் கருவியை இறக்கி, பாறையில் இயற்கையாக உள்ள கதிரியக்கத்தை அளக்கிறார்கள். களிமண்ணில் அது கூடுதலாகவும் தூய மணலில் குறைவாகவும் இருக்கும். அந்தக் கோடு மேலே போகப்போக எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கொண்டே, ஆற்றுமணலா, கடல்முக மேடா என்று ஊகிப்பார்கள். டூரியில் 1990-களில் இன்னொன்றும் செய்தார்கள். நிலத்தில் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியைப் பதிவு செய்தார்கள். சில மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பதிவு செய்தார்கள். சூடேறிய மணலில் அலை மெதுவாகப் போகும். இரண்டு பதிவுகளையும் ஒப்பிட்டால் நீராவி எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று தெரியும். அது நாலாபுறமும் வட்டமாகப் பரவவில்லை. ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் போயிருந்தது. மணலின் போக்குக்கு ஏற்பத்தான் நீராவியின் போக்கும்.

மற்ற நாடுகளிலும் இதே பாடம்தான். இந்தியாவில் குஜராத் மாநிலத்து மேசானா வட்டாரத்தில் பாலோல், சந்தால் என்ற கன எண்ணெய் வயல்கள் இருக்கின்றன. அங்கே மணல் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில், நிலக்கரியும் களிப்பாறையும் ஊடாடிய பழைய கழிமுக அடுக்குகளில் இருக்கிறது. எண்ணெயைவிடத் தண்ணீர் எளிதில் ஓடுவதால், இறைத்தால் தண்ணீரே முந்திக்கொண்டு வந்தது. ஆகவே, காற்றைச் செலுத்தி மணலுக்குள்ளேயே எண்ணெயின் ஒரு சிறு பங்கைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் மற்றதை நகர்த்தும் முறையை 1990-இல் பாலோலில் சோதித்து, 1997 முதல் பெரிய அளவில் செயல்படுத்தினார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில், ஏறத்தாழ பதினோரு கோடி ஆண்டுகளுக்கு முந்திய கழிமுக ஆறுகளின் வளைவுத் திட்டுகளில் தார் போன்ற எண்ணெய் நிறைந்திருக்கிறது. அங்கே படுக்கையாக இரண்டு கிணறுகளை, ஒன்றன்மேல் ஒன்றாக, ஏறத்தாழ ஐந்து மீட்டர் இடைவெளியில் தோண்டுகிறார்கள். மேல்கிணற்றில் நீராவி, கீழ்க்கிணற்றில் வடிந்த எண்ணெய். திட்டுகளில் சாய்வாகப் படிந்த சேற்றுப்படலங்கள் குறுக்கிட்டால் அங்கும் நீராவி தடைப்படும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். நம் மாநிலத்திலேயே சுங்கை ஊடாங்கில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. 1994-இல் அதன் முதற்பகுதி இலேசான, கந்தகம் குறைந்த எண்ணெய்க்காகத் தொடங்கப்பட்டது. 1990-களின் பிற்பகுதியில் வந்த இரண்டாம் பகுதி, கந்தகம் மிகுந்த எண்ணெயையும் கையாளும்படி அமைக்கப்பட்டது. ஆலைக்கு வரும் எண்ணெயின் குணத்துக்கேற்ப உலையும் உழைப்பும் செலவும் மாறுகின்றன. அந்தக் குணத்தை முடிவு செய்தது ஏதோ ஒரு பழைய ஏரியும், ஒரு பழைய ஆறும், சில நுண்ணுயிர்களும்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நீராவி சும்மா வருவதில்லை. டூரியில் தொடக்கத்தில் எடுத்த எண்ணெயிலேயே ஒரு பங்கை எரித்துத்தான் நீராவி உண்டாக்கினார்கள். 1998 முதல் தெற்குச் சுமத்ராவிலிருந்து குழாய்வழி இயற்கை எரிவாயு கொண்டுவரப்பட்டது. எதை எரித்தாலும் புகை வானத்துக்குப் போகிறது. எண்ணெயோடு மேலே வரும் சூடான அழுக்குநீரையும் மண்ணையும் தூய்மைப்படுத்தியாக வேண்டும். தவறான இடத்தில் செலுத்தும் ஒவ்வொரு நீராவிக்கும் இந்த விலை உண்டு. கீழே உள்ள ஆற்றைச் சரியாகப் படித்தால் குறைவாக எரித்து நிறைவாக எடுக்கலாம். படிக்காமல் தோண்டினால் பணமும் போகும், காற்றும் கெடும். கனத்த எண்ணெயை எவ்வளவு காலம் எடுப்பது என்ற கேள்வியை உலகம் இன்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்கிறவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. நிலவியல் என்பது எங்கோ உள்ள படிப்பு அல்ல. மழை விட்டதும் லயத்துக் கால்வாயைப் போய்ப் பாருங்கள். எங்கே மணல் படிந்தது, எங்கே சேறு தங்கியது, வளைவில் எந்தக் கரை அரிபட்டது என்று கவனியுங்கள். டூரியில் பாறையைப் படிக்கும் நிபுணர் செய்வதும் அதையேதான், அளவு மட்டும் பெரிது. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதைப் படிக்க இடம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தில் முதற்கிணற்றைப் பிறகு மூடிவிட்டார்கள். இரண்டாம் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து நாங்கள் வளர்ந்தோம். அந்தத் தாத்தா பள்ளிக்கூடம் போனவர் அல்லர். ஆறு ஓடின இடத்தை மறக்காமல் வைத்திருந்தார், அவ்வளவுதான். கோடி ஆண்டுகளுக்கு முன் ஓடின ஆற்றை நினைவில் வைத்திருக்க எந்தத் தாத்தாவும் இல்லை. அந்த நினைவை மணலிடம்தான் கேட்டுப் பெற வேண்டும்.